மூன்று பள்ளிகளும் நான் சொன்ன ஒரு பொய்யும்

1

இன்று சனிக்கிழமை. எனக்கு வேலை கிடையாது. ஆனாலும் வரச் சொல்லியிருந்தார்கள். பாரீசுக்கு வடக்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் துப்புரவுப் பணியாளன். வருடத்துக்கு ஒருநாள் பெற்றோருக்காக இந்தப் பள்ளியைத் திறந்துவைப்பார்கள். ஐந்தாவது முடிக்கப்போகும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா அப்பாக்கள் வருவார்கள். வகுப்பறையைப் பார்ப்பார்கள், சோதனைக்கூடத்தைப் பார்ப்பார்கள், சாப்பாட்டுக்கூடத்தில் மோந்து பார்ப்பார்கள். இங்கேயும் நடுநிலைப் பள்ளி ஆறாவதில்தான் தொடங்குகிறது. ஆனால் அதற்கடுத்து ஐந்து, நான்கு, மூன்று என்று எண் கீழே இறங்கும். வந்து பத்து வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை.

எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ அந்தத் தெருவுக்கு ஒதுக்கிய பள்ளியில்தான் பிள்ளையைச் சேர்க்கவேண்டும் என்பது இந்த ஊர் விதி. வேறு பள்ளி வேண்டுமென்றால் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம். அதனால் இந்த நாளில் பெற்றோரின் முகத்தில் ஒரு கலக்கம் இருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் வீட்டின் பின்கட்டை எட்டிப் பார்ப்பவர்களைப்போல நடந்துகொள்வார்கள்.

மாடிப்படி அருகே ஓர் அம்மா என்னை நிறுத்தினாள். ஆசிரியர்களிடம் கேட்க முடியாததைத் துடைப்பம் வைத்திருப்பவனிடம் கேட்கலாம் என்று நினைத்திருப்பாள். இந்தப் பள்ளி மேலா, ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே, அது மேலா என்று கேட்டாள். அந்தப் பள்ளியின் தேர்ச்சி எங்களைவிட மேலே என்று உண்மையைத்தான் சொல்ல வந்தேன். பிரெஞ்சில் மேலே என்பதற்கும் கீழே என்பதற்கும் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து என் வாயில் வராது. கீழே என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்தது. நான் திருத்தித் திருத்திச் சொல்லி, கையை உயர்த்திக் காட்டி, ஒருவழியாகப் புரியவைத்தேன்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "இங்கே எந்த மாதிரிப் பிள்ளைகள் வருகிறார்கள்?" என்றாள்.

எந்த மாதிரி என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் நிறம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டிருக்கவேண்டும். முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. போன ஏப்ரலில், புதுச்சேரியில் பாகூர்ப் பக்கத்தில் என் சொந்த ஊரில், அதே கேள்வியைக் கேட்டவன் நான்.

2

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நெல்லும், மேட்டில் கொஞ்சம் கரும்பும் வைக்கிற குடும்பம் எங்களுடையது. மாமன் மகள் கயல்விழியைக் கட்டினேன். மகள் தர்ஷினிக்கு இரண்டு வயதாகும்போது இங்கே வந்தேன். முறையான காகிதம் கிடைக்கவே ஆறு வருடம் ஆனது. கிடைத்த கையோடு குடும்பத்தை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தேன். மூன்று பேர் வாழ என் அறையில் சில சதுர மீட்டர் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு வீடு பார்த்து மறுபடி விண்ணப்பித்தேன். அது இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது.

ஆகவே என் மகளை நான் கைப்பேசியில்தான் வளர்த்தேன். காலை பதினொன்றரைக்கு எனக்கு இடைவேளை. ஊரில் அப்போது மாலை நான்கு. சாமான் அறையில் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து கூப்பிடுவேன். முன்பெல்லாம் அவள் பேசப் பேச இடைவேளை முடிந்துவிடும். ஒன்பது பத்து வயதானதும் "நல்லா இருக்கன்பா, அம்மாகிட்ட குடுக்கறன்" என்பதோடு நின்றுவிட்டது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடுகிறது. எனக்கும் ஏப்ரலில் இரண்டு வாரம் விடுமுறை. எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாவது முடித்த தர்ஷினியை எங்கே சேர்ப்பது என்று பேச்சு வந்தபோது, நான் வரும்வரை எதுவும் செய்யாதே என்று கயலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஊரில் நான் 'பிரான்சில் ஸ்கூலில் வேலை செய்கிறவர்'. என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கயலுக்கு மட்டும் தெரியும்.

போய் இறங்கிய சாயங்காலம் கூடத்தில் தர்ஷினியோடு இன்னொரு பெண் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சந்தியா என்று பெயர். ட்யூஷனில் பழக்கமாம். அவள் போன பிறகு, "எந்த ஊரு பொண்ணு?" என்று கேட்டேன்.

"குப்பத்துப் பொண்ணு. அவங்கம்மா மீன் விக்கறாங்க. நல்லா கணக்குப் போடுது" என்றாள் கயல். கையோடு ஒரு படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கடற்கரைக் கிராமத்து நடுநிலைப் பள்ளியின் சேர்க்கைப் படிவம். பாதி நிரப்பியிருந்தாள். "நீ வரட்டும்னுதான் மாமா குடுக்காம வெச்சிருக்கன். தர்ஷுவும் அங்கதான் போறன்னு சொல்லுது."

நான் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

3

மூன்று பள்ளிகள் இருந்தன. பெயர்களை எழுதப்போவதில்லை. அங்கே வேலை செய்பவர்களை நான் ஏற்கெனவே போதிய அளவு தொந்தரவு செய்துவிட்டேன். மூன்றும் அரசுப் பள்ளிகள், மூன்றுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே கல்வித்துறை. மச்சானின் வண்டியை வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் மூன்றையும் பார்த்தேன்.

மற்றவர்கள் பள்ளியில் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். நான் என் தொழில் புத்தியில் முதலில் கழிப்பறையைப் பார்ப்பேன். குழாயைத் திறந்து பார்ப்பேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, படிக்கட்டின் மூலையில் எத்தனை நாள் தூசி என்று பார்ப்பேன். ஒரு பள்ளியில் பிள்ளைகளை மதிக்கிறார்களா என்பதை அந்த மூலை சொல்லிவிடும். இதை இங்கே வந்துதான் கற்றேன்.

முதலில் பெரிய பள்ளி. பேருந்தில் போகவேண்டிய தூரம். சோதனைக்கூடம், விளையாட்டுத் திடல், கணினிகள் எல்லாம் இருந்தன. ஆறாவதில் மூன்று பிரிவு, மூன்றும் நெரிசல். பெண்கள் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரண்டாவது, நெடுஞ்சாலையோரப் பள்ளி. ஓர் ஆசிரியர் இரண்டு வகுப்புகளை ஒரே நேரத்தில் நடத்திக்கொண்டிருந்தார். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மூன்றாவது, கடற்கரைப் பள்ளி. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். சின்னக் கட்டடம். சோதனைக்கூடம் என்று ஓர் அலமாரிதான். ஆறாவதுக்குச் சேர்ந்திருந்தவர்கள் பதினோரு பேர். தலைமையாசிரியை லலிதா டீச்சரே கணக்கும் எடுக்கிறார். நான் கழிப்பறையைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, துப்புரவு செய்யும் அஞ்சலையைக் கூப்பிட்டார். அஞ்சலை முன்னால் நடந்துபோய்க் கதவைத் திறந்து, "பாத்துக்க சார். எம் பொண்ணும் இங்கதான் படிக்குது. அதுக்கோசரமே தேச்சு வெப்பன்" என்றாள். பத்து வருடம் இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன், அதில் ஒரு குறையும் எனக்குத் தென்படவில்லை.

என் அளவுகோலிலேயே கடற்கரைப் பள்ளிதான் முதல். அதை வைத்து முடிவெடுத்திருந்தால் இந்தக் குறிப்பே இல்லை.

திரும்பும் வழியில் டீக்கடையில் சித்தப்பாவைப் பார்த்தேன். "பிரான்சுல சம்பாரிச்சு, பொண்ண குப்பத்துல கொண்டுபோய்ப் படிக்க வெக்கறியாடா?" என்றார், எல்லோர் முன்னாலும். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அந்த வார்த்தை வேறெங்கிருந்தோ வந்து என்மேல் விழுந்ததாகச் சொன்னால் அது பொய். சந்தியாவைப் பார்த்த சாயங்காலமே எனக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனதும் கயல் கேட்டாள், "பாத்தியா, எப்படி இருக்குது?"

உண்மையான காரணத்தை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஸ்கூல் நல்லாத்தான் இருக்குது. ஆனா மூடப்போறாங்களாம். ஆளுங்க கம்மின்னு. எச்.எம்.மே சொன்னாங்க."

தர்ஷினி எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவளைப் பெரிய பள்ளியில் சேர்த்தேன். பிறப்புச் சான்று, குடியிருப்புச் சான்று, டி.சி. என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாவற்றையும் கயல் ஓர் உறையில் தயாராக வைத்திருந்தாள். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் 'பள்ளி ஊழியர், பிரான்ஸ்' என்று எழுதினேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "சார், ஒக்காருங்க" என்றார்.

4

அவளைச் சேர்த்த ஐந்தாம் நாள் மாலை லலிதா டீச்சர் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினார். தர்ஷினி அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கி வந்து புதுச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். எங்க ஸ்கூல மூடப்போறாங்கன்னு உங்ககிட்ட யாரு சொன்னாங்க?"

"கேள்விப்பட்டன் டீச்சர்" என்றேன்.

"யாரு சொல்லிக் கேள்விப்பட்டீங்க?"

தண்ணீர்ச் சொம்போடு வந்த கயல் நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். "இன்னா மாமா? எச்.எம்.மே சொன்னாங்கன்னுதான நீ சொன்ன?"

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஆறாவதுல பதினோரு பேர் சார். நேத்தும் இன்னைக்குமா அஞ்சு பேரு டி.சி. கேட்டு வந்துட்டாங்க. ஏன்னு கேட்டா, பிரான்சுல கல்வித்துறையில இருக்கறவரே சொல்லிட்டாருன்றாங்க. அவரு பொண்ணையே வேற எடத்துல சேத்துட்டாரேன்றாங்க. நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. இந்த அஞ்சு பேரும் போனா எண்ணிக்கை கொறஞ்சிடும். கொறஞ்சா வேற ஸ்கூலோட சேக்கறதப் பத்தி உண்மையாவே பேச ஆரம்பிச்சுடுவாங்க. அந்தப் பசங்க தெனமும் ரெண்டு பஸ் மாறிப் போவணும். பொண்ணுங்கள அனுப்பவே மாட்டாங்க."

கயல் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள், ரேஷன் கடையில் சொல்லியிருக்கிறாள். நல்ல மனதோடுதான். மற்றப் பிள்ளைகளும் ஏமாந்துவிடக் கூடாதே என்று. என் பொய் அவள் வாயில் அக்கறையாக மாறி ஊரைச் சுற்றியிருக்கிறது.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் பேரன்ட்ஸ வரச் சொல்லியிருக்கேன். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஏன் மாமா?" என்றாள் கயல். அவ்வளவுதான் கேட்டாள்.

பதில் தர்ஷினியிடமிருந்து வந்தது. "சந்தியா படிக்கற ஸ்கூலுன்னுதான். வேற இன்னா?"

"அப்படியில்லடி" என்று ஆரம்பித்தேன்.

"வந்த அன்னிக்கே எந்த ஊரு பொண்ணுன்னு கேட்டியே. எந்த கிளாஸ் படிக்குதுன்னு கேட்டியா?"

அவள் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த இரண்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. கயல் பேசினாள். சாப்பாடு, குளிக்கத் தண்ணீர், இவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பாரீசிலிருந்து பேசுவதைவிடத் தூரமாக இருந்தோம்.

5

வெள்ளிக்கிழமை போனேன். போகாமல் இருக்க ஆயிரம் காரணம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணச்சீட்டைக்கூட முன்னால் மாற்றலாமா என்று பார்த்தேன். கயல், "நானும் வரன்" என்று சொல்லிப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறாம் வகுப்பறையில் இருபது பேர்வரை இருந்தார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்தவர்கள், கரும்பு வெட்டிவிட்டு நேராக வந்தவர்கள், எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர். டீச்சர் என்னை முன்னால் நிற்கவைத்தார். ஆட்கள் முன்னால் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை.

"இந்த ஸ்கூல மூடறாங்கன்னு என்கிட்ட யாரும் சொல்லல. நானா சொன்ன பொய் அது" என்றேன்.

ஒரு சலசலப்பு. பின்னால் இருந்த ஒரு பெரியவர், "படிச்சவரு, கல்வி அதிகாரி, நீங்க எதுக்கு சார் பொய் சொல்லணும்?" என்றார். டீச்சர் மிரட்டித்தான் நான் மாற்றிப் பேசுகிறேன் என்று அவர் நினைக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. அவர்கள் நம்பியது என்னை அல்ல, அவர்கள் மனதில் இருந்த அந்த அதிகாரியை. அவனை அங்கேயே இல்லாமல் ஆக்கினால்தான் வேலை முடியும்.

"நான் அதிகாரி இல்லீங்க" என்றேன். "அங்க ஒரு ஸ்கூல்ல பெருக்கறன், தொடைக்கறன், கக்கூஸ் கழுவறன். பத்தாவது பெயிலு. எனக்குப் படிப்பப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு ஸ்கூல எப்படி சுத்தமா வெச்சிருக்காங்கன்னு தெரியும். மூணு ஸ்கூல் பாத்தன். இதுல இதுதான் மொதல்ல நிக்குது."

கதவோரம் நின்ற அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

அப்போது முன் பெஞ்சிலிருந்து ஓர் அம்மா எழுந்தாள். "நான் சந்தியாவோட அம்மா. எல்லாம் சரி. அப்ப உம் பொண்ணு எங்க படிக்குது?"

"பெரிய ஸ்கூல்ல."

"இது மொதல்ல நிக்கற ஸ்கூலு, அதுல எங்க பசங்க படிக்கணும். உம் பொண்ணு அங்க படிக்கணும். நல்லா இருக்குதே ஞாயம்."

நாளைக்கே இங்கே சேர்த்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கயல் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "எங்க பொண்ணுகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றங்க. இந்தவாட்டி அதக் கேக்காம முடிவு பண்ணமாட்டம்" என்றாள். சந்தியாவின் அம்மா கயலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து தர்ஷினியிடம் நானே பேசினேன். கூட்டத்தில் சொன்னதையெல்லாம், கக்கூஸ் உட்பட, சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

"உனக்கு எந்த ஸ்கூலு வேணும்?" என்றேன்.

"கேக்கறியா, சொல்றியா?"

"கேக்கறன்."

"மொதல்லயே சொன்னதுதான். ஆனா பெரிய ஸ்கூல்ல போய் டி.சி.ய நீதான் வாங்கணும். அம்மாவ அனுப்பாத."

சனிக்கிழமை பெரிய பள்ளி அலுவலகத்தில் மதியம்வரை நின்றேன். "இப்பத்தான் சேத்தீங்க, அதுக்குள்ள டி.சி.யா? பதிவேட்டுல ஏத்தியாச்சு. வெளாட்டா இருக்குதா உங்களுக்கு?" என்றார் எழுத்தர். இந்தமுறை உட்காரச் சொல்லவில்லை. விலகும் காரணம் என்ற இடத்தில் 'தந்தையின் தவறு' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் படிவத்தைக் கிழித்துப் போட்டார். "இப்படியெல்லாம் எழுதினா மேல கேள்வி கேப்பாங்க. 'வீட்டுக்கு அருகில்'னு எழுதுங்க." அப்படியே எழுதினேன். அதுவும் உண்மைதானே.

டி.சி. கேட்ட ஐந்து பேரில் மூன்று பேர் தங்கிவிட்டார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் நானும் டீச்சரும் போய்ப் பேசினோம். ஒருவர் கதவைத் திறந்தார், ஒருவர் திறக்கவில்லை. தர்ஷினியோடு சேர்த்து ஆறாவதில் பத்துப் பேர். இப்போது இதை எழுதும்வரை அந்தப் பள்ளி நடக்கிறது. அடுத்த ஏப்ரலில் எத்தனை பேர் சேருவார்கள் என்று தெரியாது. சித்தப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஊரில் என்னை இப்போது யாரும் சார் என்பதில்லை. கொஞ்ச நாள் அது உறுத்தியது என்பதை மறைக்கமாட்டேன்.

கிளம்பும் நாள் காலை நானும் கயலும் தர்ஷினியைப் பள்ளியில் விட்டோம். வாசலில் சந்தியா காத்திருந்தாள். இரண்டும் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டன. திரும்பிப் பார்ப்பாள் என்று வண்டியை அணைக்காமல் நின்றேன். பார்க்கவில்லை.

"போலாம் மாமா, ஏர்போர்ட்டுக்கு நேரமாவுது" என்றாள் கயல்.

கொஞ்சதூரம் வந்ததும் பின்னாலிருந்து கேட்டாள். "விசா வந்தா அங்க எத்தன ஸ்கூல் இருக்குது?"

"பக்கத்துல ரெண்டு."

"ரெண்டையும் நான்தான் போய்ப் பாப்பன்."

"உனக்கு பிரெஞ்சு தெரியாதே கயலு."

"உனக்குத் தமிழ் நல்லாத்தான் தெரியும். தெரிஞ்சு இன்னா கிழிச்ச?" என்றாள்.

முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டிராக்டரைத் தாண்டிப் போக வழி கிடைக்கும்வரை பின்னாலேயே மெதுவாக ஓட்டினேன்.